கோலிக்குண்டு அளவுக் காயம்

ஜூன் மாதம் பிறந்தால் எங்கள் கடையில் சிவப்பு அங்கிகளுக்குத்தான் கிராக்கி. ஜூலை 10 வேலூர் சிப்பாய்ப் புரட்சி நாள். 1806-இல் கோட்டைக்குள் நடந்த அந்த எழுச்சியைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோ கல்லூரிப் பிள்ளைகளோ நாடகமாகப் போட வருவார்கள். எங்களுடையது நாடக உடை வாடகைக் கடை. அப்பா தொடங்கியது. ராஜா, மந்திரி, பாரதியார், கட்டபொம்மன், போலீஸ் என்று உடை கொடுப்போம், கேட்டால் மேக்கப்பும் போட்டுவிடுவோம். குண்டடி பட்ட காயம் போடுவது அந்த மேக்கப்பில் ஒரு மூலையாகத்தான் ஆரம்பித்தது. இப்போது குறும்படம் எடுக்கிற தம்பிகள் அதற்கென்றே தேடி வருகிறார்கள். அவர்களுக்கு நான் வாயால் சொல்வதையெல்லாம் ஓரிடத்தில் எழுதி வைத்தால் நல்லது என்று தோன்றியது.

முதல் தடவை நான் போட்ட குண்டுக் காயம் யாருக்குமே தெரியவில்லை. ஒரு கல்லூரி நாடகம். எட்டுச் சிப்பாய்கள். ஒவ்வொருவர் மார்பிலும் நல்ல திக்கான சிவப்புச் சாயத்தைத் தாராளமாக ஊற்றியிருந்தேன். ஒத்திகையில் ஐந்தாவது வரிசையில் போய் உட்கார்ந்து பார்த்தால் ரத்தம் எங்கே என்றே தெரியவில்லை. பக்கத்தில் இருந்த பையன், "இன்னாண்ணே, எல்லாரும் சும்மா வழுக்கி வுழுந்த மாதிரி கீதே" என்றான். கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாயின் அங்கி சிவப்பு, வெள்ளைக்காரப் படையின் அங்கியும் சிவப்பு. சிவப்பின் மேல் சிவப்பை ஊற்றினால் நனைந்த துணியாகத்தான் தெரியும்.

அன்றிரவே உடையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். மார்பின் குறுக்கே இரண்டு வெள்ளை வார்கள் போகும். காயத்தை இரண்டு விரல் தள்ளி அந்த வாரின் ஓரத்துக்குக் கொண்டுவந்தேன். ரத்தம் வெள்ளை வாரில் பட்டுக் கசியும்போது கடைசி வரிசை வரைக்கும் தெரிந்தது. அங்கியில் ஓட்டை விழுந்த இடத்தைச் சுற்றிக் கரியைத் தேய்த்துக் கறுப்பாக்கினேன். அதுவும் எடுபட்டது. அன்றிலிருந்து யார் வந்து காயம் கேட்டாலும் என் முதல் கேள்வி, என்ன நிறச் சட்டை என்பதுதான். காக்கியில் ரத்தம் கறுப்பாகத் தெரியும். கறுப்புச் சட்டையில் மினுமினுப்பு மட்டும்தான் தெரியும், அதனால் சாயத்தில் கொஞ்சம் கிளிசரின் கூட்ட வேண்டும். நீல விளக்கு போட்டால் எந்தச் சிவப்பும் செத்துப்போகும். லைட் போடுகிறவரிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

ரத்தம் காட்டுவது எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. பழைய வட ஆற்காட்டில் திரௌபதி அம்மன் கோவில் பாரதத் திருவிழா பார்த்தவர்களுக்குப் படுகளம் தெரியும். மண்ணால் படுத்த கோலத்தில் பெரிய துரியோதனனைச் செய்து, தொடைக்குள் சிவப்புத் தண்ணீரை மறைத்து வைத்திருப்பார்கள். பீமன் வேஷக்காரர் ஆடி வந்து தொடையில் அடித்ததும் ரத்தம் பீறிடும். திரௌபதி அதைத் தொட்டுக் கூந்தலை முடிவாள். கூட்டம் அப்படியே அடங்கிப்போகும். சினிமாவில் சட்டைக்குள் ரத்தப் பையை மறைத்து வைத்து உடைப்பதைப் பிற்பாடு பார்த்தபோது, சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்த மண் தொடைதான் எனக்கு ஞாபகம் வந்தது.

அந்தப் பழக்கத்தில்தான் ஒரு தப்பும் செய்தேன். ஆரத்தித் தண்ணீர் அருமையான சிவப்பு அல்லவா? மஞ்சளும் சுண்ணாம்பும்தானே, காசும் இல்லை, கெமிக்கலும் இல்லை என்று ஒரு வாளி கரைத்துப் பள்ளி நாடகத்துக்குக் கொண்டுபோனேன். சுண்ணாம்பு கொஞ்சம் தூக்கலாகிவிட்டது. ஒரு பையனின் கழுத்திலும் மார்பிலும் ஊற்றியது நாடகம் முடியும் வரை ஒரு மணி நேரம் தோலிலேயே கிடந்தது. கழுவும்போது தோல் சிவந்து தடித்திருந்தது, அவனுக்கு எரிச்சல் தாங்கவில்லை. இரண்டு நாள் சட்டை போட முடியாமல் இருந்தான். ஒரு சொட்டு கண்ணில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். சுண்ணாம்பு கலந்த எதையும் ஆள்மேல் ஊற்றாதீர்கள். மண்ணில் செய்த துரியோதனனுக்குத் தோல் எரியாது, நம் பிள்ளைகளுக்கு எரியும். குங்குமமும் வேண்டாம், ஹோலிப் பொடியும் வேண்டாம், துணிச் சாயம் கூடவே கூடாது.

அதற்குப் பிறகுதான் நிதானமாகக் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். தெரிந்த அக்கா ஒருவர் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் பல வருஷம் நர்ஸாக இருந்தவர். நான் போட்ட காயத்தின் போட்டோவைக் காட்டியதும், "இது இன்னா தம்பி, தக்காளி நசுங்கின மாதிரி இருக்கு?" என்றார். குண்டு உள்ளே போகிற இடம் சின்னதாக, சுத்தமாக இருக்கும் என்று அவர்தான் முதலில் சொன்னார். அவர் சொன்னதையும் தடய மருத்துவப் பாடப்புத்தகத்தில் பார்த்ததையும் சேர்த்து நான் வைத்துக்கொண்ட கணக்கு இதுதான்: என்ன துப்பாக்கி, எவ்வளவு தூரம், எந்தப் பக்கத்திலிருந்து, சுட்டு எவ்வளவு நேரம். இந்த நாலும் தெரியாமல் பிரஷ்ஷைக் கையில் எடுக்க மாட்டேன்.

குண்டு நுழைந்த ஓட்டை வட்டமாக இருக்கும். தோல் விரிந்து சுருங்குவதால் பல நேரம் குண்டைவிடக் கொஞ்சம் சின்னதாகவே தெரியும். ஓட்டையைச் சுற்றித் தோல் உராய்ந்த ஒரு வளையம், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலத்தில், பழுப்புச் சிவப்பில் இருக்கும். நேராகச் சுட்டிருந்தால் வளையம் சுற்றிலும் ஒரே அகலம். சாய்வாகச் சுட்டிருந்தால் குண்டு வந்த பக்கத்தில் வளையம் அகலும். கேமரா கிட்டே வந்து காட்டப்போகிற காயமானால் இந்த வளையம்தான் உயிர். இது இல்லாவிட்டால் ஆணி அடித்த ஓட்டை மாதிரி ஆகிவிடும். குண்டு வெளியே போன இடத்தில் வளையம் இருக்காது. அது கிழிசலாக, சில சமயம் நட்சத்திர வடிவில், சில சமயம் வெறும் கீறலாக இருக்கும். நுழைந்த ஓட்டையைவிடப் பெரும்பாலும் பெரிது, ஆனால் எல்லா நேரமும் பெரிதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

மிகக் கிட்டே வைத்துச் சுட்டால் புகைக்கரி படியும். ஓரிரண்டு அடி தூரத்தில் கரி குறைந்து, எரிந்தும் எரியாததுமான மருந்துத் துகள்கள் தோலில் குத்திச் சின்னச் சின்னப் புள்ளிகளாக நிற்கும். இதற்குப் பழைய டூத் பிரஷ் போதும். பழுப்புச் சிவப்புச் சாயத்தில் லேசாகத் தோய்த்துக் கட்டைவிரலால் சுண்டிவிட்டால் புள்ளி விழும். கறுப்பு மட்டும் அடிக்காதீர்கள். நிஜத்தில் அந்தப் புள்ளிகள் தோல் காயம், அழுக்கு இல்லை. சட்டைக்கு மேலே சுட்டிருந்தால் புள்ளியும் கரியும் சட்டையிலேயே தங்கிவிடும். உள்ளே தோலில் ஓட்டை மட்டும் போதும். நாலு வீடு தள்ளி நின்று சுடுகிற காட்சிக்குக் கரி தடவிக் கொடுங்கள் என்று கேட்டு வந்தவர்கள் உண்டு. நான் மறுத்துவிடுவேன்.

1806 நாடகத்துக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி போகும். அப்போதிருந்தது குழலின் வாய்வழியாக மருந்து கெட்டித்துச் சுடும் மஸ்கட் துப்பாக்கி. அதன் ஈயக்குண்டு ஏறக்குறைய 17 மில்லிமீட்டர். நாம் விளையாடிய கோலிக்குண்டை எடுத்துப் பாருங்கள், அநேகமாக அந்த அளவுதான். அதனால் மஸ்கட் காயம் போடும்போது நான் ஒரு கோலிக்குண்டை அளவுக்கு வைத்துத்தான் வெட்டுவேன். இன்றைய பிஸ்டல் தோட்டா பெரும்பாலும் 9 மில்லிமீட்டர். இரண்டும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் யாருக்கும் தெரியும். உருண்டைக் குண்டு மெதுவாகப் போவதால் சட்டைத் துணியையும் கிழித்து உள்ளே இழுத்துக்கொண்டு போகும். காயத்தின் ஓரத்தில் நாலைந்து சிவப்பு நூலிழைகளை ஒட்டிவைப்பேன். மேடையில் அது யாருக்கும் தெரியாது. ஆனால் போட்டோ எடுக்கும்போது தெரியும், பையன்கள் கண்ணாடியில் பார்க்கும்போதும் தெரியும். அப்போது அவர்கள் நடக்கிற விதமே மாறிவிடுகிறது. பழைய கறுப்பு மருந்து நிறையப் புகையும், தீப்பொறியும் தெறிக்கும். கிட்டே சுட்டால் துணி கருகும். அதனால் இந்த ஒரு நாடகத்துக்கு மட்டும் கரியைத் தாராளமாகப் போடலாம்.

அந்த நாடகத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது சுவர்க் காட்சி. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி என்ற வெள்ளைக்கார அதிகாரி குதிரைப் படையோடும் பீரங்கியோடும் வந்து கோட்டையைத் திரும்பப் பிடித்த பிறகு, அரண்மனைக்குள் ஒதுங்கிய நூற்றுக்கும் மேற்பட்ட சிப்பாய்களை வெளியே இழுத்துவந்து சுவரோரம் நிறுத்திக் கேனிஸ்டர் குண்டால் சுட்டார்கள். அன்றைக்குக் கோட்டையில் இருந்த பிளாகிஸ்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரியே இதைப் பிற்பாடு எழுதி வைத்திருக்கிறார். கேனிஸ்டர் என்றால் தகர டப்பாவுக்குள் நிறையச் சின்னக் குண்டுகள். பீரங்கியிலிருந்து வெளிவந்ததும் சிதறும். ஒரு உடம்பில் ஒரு ஓட்டை என்ற கணக்கே அங்கே கிடையாது. நாடக ஆசிரியர் பன்னிரண்டு பையன்களுக்கும் உடம்பு முழுக்கக் காயம் வேண்டும் என்றார். இரண்டு நாள் பேசினோம். கடைசியில் பன்னிரண்டு பேரும் பார்வையாளர்களுக்கு முதுகு காட்டி நிற்பது, சத்தம், புகை, எல்லோரும் சரிவது, ஒரே ஒருவன் மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திரும்புவது என்று முடிவானது. அந்த ஒருவனுக்கு மட்டும் மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஏழு காயம் போட்டேன். அவன் திரும்பியபோது அரங்கில் ஒருவர்கூட இருமவில்லை. பன்னிரண்டு பேருக்கும் அவசர அவசரமாகப் பூசியிருந்தால் அந்த அமைதி வந்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

ஜவ்வாது மலையடிவாரத்தில் எடுத்த ஒரு குறும்படத்துக்கு நாட்டுத் துப்பாக்கிக் காயம் கேட்டார்கள். காட்டுப்பன்றிக்கு வைத்த குறி தவறி ஆள்மேல் படுகிற கதை. நாட்டுத் துப்பாக்கியில் போடுவது பெரும்பாலும் பால்ரஸ். செய்தித்தாளில் அடிக்கடி பார்க்கிற வார்த்தைதான், சைக்கிள் பேரிங்கில் இருக்கிற மாதிரிச் சின்ன உருண்டைகள். மிகக் கிட்டே சுட்டால் எல்லாம் சேர்ந்து ஒரே பெரிய ஓட்டையாக, ஓரம் எலி கடித்த மாதிரி இருக்கும். தூரம் கூடக் கூட உருண்டைகள் பிரிந்து, நடுவில் ஒரு ஓட்டையும் சுற்றிலும் தனித்தனிப் புள்ளி ஓட்டைகளுமாகும். இன்னும் தூரம் போனால் வெறும் சிதறல்தான். கதையில் முப்பது அடி என்று இருந்தது. தொடையில் விரல்நகம் அளவுக்குள் அடங்குகிற ஓட்டைகளை ஒழுங்கில்லாமல் சிதறவிட்டேன். ஒழுங்கில்லாமல் போடுவதுதான் கஷ்டம். கை தானாகவே கோலம் போடப் பார்க்கும். ஒரு பிடி மிளகை மேலே தூவி, விழுந்த இடத்தையெல்லாம் புள்ளி வைத்து, பிறகு மிளகைத் தட்டிவிட்டேன். நல்ல வழி, இப்போதும் அதையே செய்கிறேன்.

சரி, காயத்தை எப்படிச் செய்வது? நேரடியாக ஆள்மேல் செய்வதை நான் நிறுத்திவிட்டேன். கத்தரிக்கோலும் பிளேடும் தோலுக்குப் பக்கத்தில் போகவே கூடாது. வழவழப்பான டைல்ஸ் துண்டு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் திரவ லேட்டக்ஸை, அதாவது ரப்பர் பாலை, மெல்லிசாகப் பூசுங்கள். டிஷ்யூ பேப்பரைக் கையால் கிழித்து அதன்மேல் படியவையுங்கள். கத்தரியால் வெட்டிய ஓரம் கோடாகத் தெரியும், கிழித்த ஓரம் தோலோடு கலந்துவிடும். மறுபடி லேட்டக்ஸ், மறுபடி டிஷ்யூ. நடுவில் மூன்று நாலு அடுக்கு, ஓரத்தில் ஒரே அடுக்கு. நன்றாகக் காய்ந்ததும் தோல் பட்டறையில் ஓட்டை போடுகிற பஞ்ச் இருக்கிறதே, அதை வைத்து ஒரே அடி. ராணிப்பேட்டை, ஆம்பூர், பேரணாம்பட்டு என்று சுற்றிலும் தோல் வேலை நடக்கிற ஊர் இது, எல்லா அளவிலும் பஞ்ச் கிடைக்கும். 8 மில்லிமீட்டர் பஞ்ச் பிஸ்டலுக்குச் சரியாக இருக்கும். முகப் பவுடர் தூவி உரித்தால் ஒட்டிக்கொள்ளாமல் வரும். வெளியே போன காயத்துக்குப் பஞ்ச் வேண்டாம், பின்பக்கத்திலிருந்து ஊசியால் கிழித்து விளிம்புகளை வெளியே மடித்துவிடுங்கள்.

ஒட்டுவதற்கு முன்னால் தோலில், ஓட்டை வரப்போகிற இடத்தில், கருஞ்சிவப்பும் கறுப்பும் கலந்து ஒரு பொட்டு வையுங்கள். அதன்மேல் துண்டை ஒட்டினால் ஓட்டைக்கு ஆழம் இருப்பது போலத் தெரியும். தாடி மீசை ஒட்டுகிற ஸ்பிரிட் கம் போதும். பிறகு அந்த ஆளின் தோல் நிறத்துக்குப் பொருந்துகிற ஃபவுண்டேஷன். கடையில் விற்கும் நிறம் பெரும்பாலும் நம் பிள்ளைகளின் நிறத்துக்கு வெளுப்பு. இரண்டு மூன்று நிறம் கலந்துதான் ஆக வேண்டும். அப்புறம் வளையம். அப்புறம் கடைசியாகத்தான் ரத்தம், அதுவும் ஊசி இல்லாத சிரிஞ்சில் ஒரு சொட்டு, அது எந்தப் பக்கம் இறங்க வேண்டுமோ அந்தப் பக்கம் சாய்த்து. நிற்கிறவனுக்குக் கீழே ஓடும், படுத்திருக்கிறவனுக்கு விலாவைச் சுற்றி முதுகுப் பக்கம் ஓடும். படுத்தே கிடந்தவனுக்கு ரத்தம் வயிற்றை நோக்கி இறங்கியிருந்தால் பார்க்கிறவர்களுக்கு ஏதோ இடிக்கும், என்னவென்று சொல்லத் தெரியாது.

இப்போதுதான் சுட்டது என்றால் பச்சை, மஞ்சள், ஊதா எதுவும் வேண்டாம். அந்த நிறமெல்லாம் கன்றிப்போன காயம் நாள் பட்டு மாறும்போது வருவது. சுட்டு ஒரு மணி நேரம் என்றால் ஓரம் காய்ந்து பழுப்பாகியிருக்க வேண்டும். மறுநாள் காட்சி என்றால் கட்டுதான் சரி. 1967 ஜனவரியில் எம்.ஜி.ஆர் சுடப்பட்ட பிறகு வந்த போட்டோவைப் பார்த்த தலைமுறை நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. கழுத்தில் சுற்றிய வெள்ளைக் கட்டு, அவ்வளவுதான். ஊரே அழுதது. கட்டுப் போடும்போது ரத்தத்தை மேலே தடவாதீர்கள். உள் அடுக்கில் மூன்று சொட்டு விட்டுச் சுற்றுங்கள், தானாக ஊறி வெளியே வட்டமாகத் தெரியும்.

ரத்தம் கலக்க நான் வைத்திருக்கிற அளவு: ஒரு டம்ளர் லிக்விட் குளுக்கோஸ், கால் டம்ளர் தண்ணீர், சிவப்பு உணவுச் சாயம் ஒரு டீஸ்பூன், கோகோ தூள் அரை டீஸ்பூன், பச்சைச் சாயம் ஒரே சொட்டு. பச்சை எதற்கு என்று கேட்பார்கள். வெறும் சிவப்பு ரோஸ்மில்க் மாதிரி இருக்கும், பச்சை அதை அடக்கும். ஒளி ஊடுருவாமல் இருக்கச் சிட்டிகை சோளமாவு. வாயில் வழிய வேண்டிய ரத்தத்துக்கு இதற்குமேல் எதுவும் சேர்க்கக் கூடாது. துணியில் ஊற்றுகிற ரத்தம் என்றால் பாத்திரம் கழுவுகிற லிக்விட் சில துளி விடலாம், துணியில் சீக்கிரம் பரவும், துவைக்கவும் எளிது. அந்தப் பாட்டிலில் பெரிதாக "வாய்க்கு அல்ல" என்று எழுதி ஒட்டுங்கள். நான் இரண்டையும் வேறு வேறு நிற மூடியில் வைத்திருக்கிறேன்.

இதில் சர்க்கரை இருப்பதால் வருகிற தொல்லையை வேலூர் வெயிலில்தான் அனுபவிக்க வேண்டும். மே மாதம், பாலாற்று மணலில் ஒரு பிணக் காட்சி. பையன் படுத்த பத்து நிமிஷத்தில் எறும்பு வரிசை கட்டி வந்துவிட்டது. அவன் அசையாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான், ஷாட் முடிந்து எழுந்தபோது இடுப்பெல்லாம் தடிப்பு. இப்போது தரையில் படுக்கிற காட்சி என்றால் சர்க்கரை ரத்தம் கிடையாது. அதற்குப் பதிலாக மேக்கப் பொருள் கடையில் கிடைக்கிற ரெடிமேட் ரத்தம் வாங்கிவிடுவேன், அல்லது கிளிசரினில் கலப்பேன். படுப்பதற்கு முன் மணலில் பாயோ தார்ப்பாயோ விரித்து மேலே மணலைத் தூவுவோம்.

அதே படத்தில் ஜெலட்டின் காயமும் என்னைக் கைவிட்டது. முந்தின நாள் ராத்திரி வீட்டில் செய்து ஐஸ் பெட்டியில் கொண்டுபோனேன். ஒட்டியபோது அவ்வளவு அழகாக இருந்தது. பதினோரு மணி வெயிலில் நெற்றியில் இருந்த காயம் புருவம் வரைக்கும் வழிந்து வந்துவிட்டது. ஜெலட்டின் சூட்டில் உருகும், அது அதன் குணம். வாசலினும் மைதாவும் பிசைந்து செய்கிற மெழுகும் இதே கதிதான். நவம்பர் முதல் ஜனவரி வரை இரவு நாடகத்துக்கு அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். பகலில் என்றால் லேட்டக்ஸ், பணம் இருந்தால் சிலிக்கோன். சிலிக்கோன் கலக்கும்போது லேட்டக்ஸ் கையுறை போடாதீர்கள், பிளாட்டினம் வகைச் சிலிக்கோன் அதைத் தொட்டால் இறுகாமல் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். ஒரு கிட் முழுக்க அப்படி வீணானபோதுதான் இது எனக்குத் தெரிந்தது.

லேட்டக்ஸ் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. முந்தின நாளே முழங்கையின் உள்பக்கம் ஒரு பொட்டு வைத்துப் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் அந்த ஆளுக்கு லேட்டக்ஸ் கிடையாது. பலூன் ஊதினால் உதடு வீங்கும் என்று யாராவது சொன்னால் பொட்டுகூட வைக்க வேண்டாம். அம்மோனியா நெடி வரும், ஃபேன் போட்டு, கண்ணை மூடச் சொல்லிப் பூசுங்கள். புருவம், மீசை, மார்பு முடி இருக்கிற இடத்தில் முதலில் வாசலின் தடவாமல் பூசினால் எடுக்கும்போது முடியும் சேர்ந்து வரும்.

குண்டு படுகிற நொடியில் ரத்தம் வெடிக்க வேண்டும் என்று எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். சினிமாவில் அதற்குச் சின்ன வெடியை உலோகத் தகட்டின் மேல் வைத்து, ரத்தப் பையோடு சட்டைக்குள் பொருத்துவார்கள். அது உரிமமும் பயிற்சியும் உள்ளவர்கள் செய்கிற வேலை. குடியாத்தத்தில் தீப்பெட்டித் தொழில் இருக்கிறது, மருந்து கிடைக்கும், நாமே செய்துவிடலாம் என்று ஒரு தம்பி என்னிடம் வந்தான். அவனை உட்கார வைத்து அரை மணி நேரம் பேசித்தான் அனுப்பினேன். நெஞ்சின் மேல் வெடி வைத்துப் பழகிப் பார்க்கிற விஷயம் இல்லை இது. வெற்றுத் தோட்டாவும் அப்படித்தான். 1984-இல் ஜான் எரிக் ஹெக்ஸம் என்ற அமெரிக்க நடிகர் வெற்றுத் தோட்டா போட்ட துப்பாக்கியை விளையாட்டாக நெற்றிப் பொட்டில் வைத்து அழுத்தியதில் உயிரே போனது. 2021-இல் நியூ மெக்ஸிகோவில் ஒரு படப்பிடிப்பில் நிஜத் தோட்டா கலந்து, ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்தார். எங்கள் நாடகங்களில் தச்சரிடம் சொல்லிச் செய்த மரத் துப்பாக்கிதான். சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வரும்.

வெடி இல்லாமலே செய்ய எளிய வழி இருக்கிறது. சட்டையின் உள்பக்கத்தை ஓட்டை வரவேண்டிய இடத்தில் உப்புத்தாளால் தேய்த்து நூல் நூலாக மெலிய வையுங்கள். அதற்குப் பின்னால் பாக்கெட் ஐஸ் கவரில் ரத்தம் நிரப்பி மெழுகுவத்தியில் ஓரத்தைச் சீல் செய்து ஒட்டுங்கள். ஒரு சின்ன வாஷரில் தூண்டில் நரம்பைக் கட்டி, வாஷரைப் பைக்குப் பின்னால் வைத்து, நரம்பைப் பையையும் சட்டையையும் துளைத்து முன்பக்கம் வெளியே கொண்டுவாருங்கள். பத்தடி தள்ளி ஒருவர் வெடுக்கென்று இழுத்தால் வாஷர் பையைக் கிழித்துக்கொண்டு சட்டை வழியாக வெளியே வரும், ரத்தமும் கூடவே தெறிக்கும். நரம்புக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது, வாஷர் பறந்து வரும். பைக்கும் தோலுக்கும் நடுவில் கெட்டியான தோல் துண்டு ஒன்றை வைத்துக் கட்டிவிடுவேன். ஷூ கம்பெனி வெட்டுத் துண்டு எடைக்குக் கிடைக்கிறது. மேடையில் கசிய மட்டும் வேண்டும் என்றால் இன்னும் சுலபம்: சட்டைக்குள் டிரிப் செட் குழாய், கையில் 50 மில்லி சிரிஞ்ச், அவ்வளவுதான். நடிகரே கைக்குள் மறைத்து அழுத்திக்கொள்ளலாம்.

விழுவது பற்றியும் ஒரு வார்த்தை. குண்டு பட்டவன் பின்னால் பறந்து போவது சினிமா. நிஜத்தில் ஒரு தோட்டாவுக்கு ஆளைத் தூக்கி எறிகிற வலு கிடையாது. முழங்கால் தளர்ந்து, இருந்த இடத்திலேயே மடிந்து உட்கார்ந்து சரிகிற ஆளைப் பாருங்கள், வயிற்றைப் பிசையும். கை தானாகக் காயத்துக்குப் போகும். அப்படிப் போகும்போது என் லேட்டக்ஸ் துண்டு பிய்ந்துவிடக் கூடாது என்பதால், காயத்துக்கு ஒரு விரற்கடை கீழே அமுக்கச் சொல்லிப் பழக்குவேன்.

வெளியில் படம் எடுக்கும்போது முன்கூட்டியே போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுங்கள், பக்கத்துக் கடைக்காரர்களிடமும் சொல்லுங்கள். ஒரு தடவை நாங்கள் சொல்லவில்லை. இடைவேளையில் காயத்தோடு இருந்த தம்பி டீ குடிக்க ரோட்டுக்குப் போயிருக்கிறான். ஓர் ஆட்டோக்கார அண்ணன் பிரேக் போட்டு, வண்டியில் இருந்த சவாரியை இறக்கிவிட்டு, இவனைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டார். "பேசாத தம்பி, கண்ண மூடிடாத, அஞ்சே நிமிஷம்" என்று சொல்லிக்கொண்டே திருப்பத்தில் ஹாரன் அடித்தபடி போயிருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு நாலா ஊரிலிருந்தும் ஆள் வருகிற ஊர் இது, ஆட்டோக்காரர்களுக்கு அந்த அவசரம் ரத்தத்திலேயே இருக்கிறது. பையன் விஷயத்தைச் சொன்னதும் அவர் திட்டவில்லை, ஓரமாக நிறுத்தி ஹேண்டில்பாரில் தலையை வைத்துக்கொண்டாராம். நான் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். இப்போது என் பெட்டியில் ஒரு பழைய போர்வை எப்போதும் இருக்கும். கேமரா நின்றவுடன் காயம் போட்டவர் மேல் அதைப் போர்த்திவிட வேண்டும்.

காயத்தை எடுக்கவும் நேரம் ஒதுக்குங்கள். போட அரை மணி என்றால் எடுக்க இருபது நிமிஷமாவது ஆகும். இழுத்துப் பிய்க்காதீர்கள். தேங்காய் எண்ணெயை ஓரத்தில் தடவி, ஊறவிட்டு, பஞ்சால் உருட்டி உருட்டி எடுக்க வேண்டும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீர், சோப்பு. சிவப்புச் சாயம் தோலில் தங்கினால் ஷேவிங் க்ரீம் தடவித் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும்.

அந்தச் சுவர்க் காட்சிப் பையனின் அம்மா நாடகம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்தார். மகன் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். ஏழு காயமும் அப்படியே இருந்தன. அவர் ஒன்றும் பேசவில்லை. என் கையிலிருந்த பஞ்சை வாங்கி, எண்ணெயில் தோய்த்து, தானே துடைக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு துண்டு வந்ததும் அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனார். ஏழாவது விலாவில் இருந்தது. அதையும் அழுத்திப் பார்த்த பிறகுதான் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

இப்போது சின்னப் பிள்ளைகளுக்குக் காயம் போடுகிற நாளில் வீட்டிலிருந்து ஒருவரைச் சாயங்காலமே வரச்சொல்லிவிடுகிறேன். டைல்ஸிலிருந்து துண்டை உரிப்பதையும், ஒட்டுவதையும், முதல் சொட்டு விடுவதையும் பக்கத்தில் நின்று பார்க்கிறார்கள். வெறும் லேட்டக்ஸ் துண்டைக் கையில் கொடுத்து இழுத்துப் பார்க்கச் சொல்வேன். சில அம்மாக்கள் அதைத் திருப்பித் தருவதில்லை, மடித்துப் பர்ஸில் வைத்துக்கொள்கிறார்கள். அதனால் எப்போதும் இரண்டு கூடுதலாகவே செய்து எடுத்துப் போகிறேன்.